காசு வேண்டாம், தண்ணீர் வேண்டும்: கோஃபாவில் கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு

டிசம்பர் விடுமுறையில் ஃபீனிக்ஸிலிருந்து சான் டியேகோவுக்குக் காரில் போகிறீர்கள். நான்கு பேர், அதில் ஒருத்தி ஏழு வயது மகள். வழியில், அரிசோனாவின் யு.எஸ். 95 நெடுஞ்சாலையை ஒட்டிய கோஃபா தேசியக் காட்டுயிர் சரணாலயத்தில் கட்டணமே இல்லாமல் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, சட்டப்படி சரியா, குழந்தையோடு போகலாமா என்று கேட்கிறீர்கள்.

மூன்றுக்கும் பதில் ஆம் என்பதுதான். முன்பதிவு இல்லை, கட்டணம் இல்லை, வாயிற்கதவோ காவலாளியோ இல்லை. அதேபோல் குடிநீர்க் குழாயும் இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை, கூடாரம் அடிக்கும் இடத்தில் கழிப்பறையும் இல்லை. 'பிரிமிட்டிவ் கேம்பிங்' என்று இங்கே சொல்வது இதைத்தான். நிலம் மட்டும் அவர்களுடையது. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் கொண்டுபோய், மிச்சத்தை நீங்களே திரும்பக் கொண்டுவர வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே போய்வருகிறேன். அந்த மண்ணின் மீது எனக்குள்ள பற்றினால் பதில் நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

'சரணாலயத்துக்குள் இரவில் எப்படி விடுவார்கள்' என்று நீங்கள் ஐயப்படுவது நியாயமானதே. பந்திப்பூர், முதுமலை வழியாகப் போகும் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அமெரிக்காவிலும் பெரும்பாலான தேசியக் காட்டுயிர் சரணாலயங்களில் பகலில் மட்டுமே அனுமதி. பொழுது சாய்ந்ததும் வெளியேறிவிட வேண்டும். தேசியப் பூங்கா மனிதர்கள் பார்த்து மகிழவும் சேர்த்து அமைத்தது. சரணாலயம் அப்படியல்ல. அங்கே விலங்குக்குத்தான் முதலிடம், மனிதனின் பொழுதுபோக்கு அதற்கு இடையூறாக இல்லாத அளவுக்குத்தான் என்பதை 1997-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. கோஃபா, நெவாடாவில் லாஸ் வேகாஸுக்கு அருகிலுள்ள டெசர்ட் சரணாலயம், மான்டானாவின் சார்ல்ஸ் எம். ரஸ்ஸல் சரணாலயம் போன்ற சில இடங்களில் மட்டும் கூடாரம் அடிக்க விடுகிறார்கள். இவை பரப்பில் மிகப் பெரியவை, வறண்டவை, ஆள் நடமாட்டம் குறைந்தவை. ஆகவே கோஃபாவில் விட்டார்கள் என்பதை வைத்து, அடுத்த பயணத்தில் வேறொரு சரணாலயத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கூடாரத்தைப் பிரித்துவிடாதீர்கள்.

கோஃபாவின் பரப்பு 6,65,400 ஏக்கர். பெயரைக் கேட்டால் ஏதோ பழங்குடிச் சொல் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு தங்கச் சுரங்கத்தின் பெயர்ச்சுருக்கம். 1890-களின் இறுதியில் அங்கே தொடங்கிய 'கிங் ஆஃப் அரிசோனா' சுரங்கம் தன் சாமான்கள்மீது 'கே ஆஃப் ஏ' என்று முத்திரை குத்தியது. அது தேய்ந்து கோஃபா ஆனது. சுரங்கம் மூடிப் பல்லாண்டு ஆகிவிட்டது. இந்த நிலம் இன்று சரணாலயமாக இருப்பதற்குக் காரணம் பெருங்கொம்பு மலையாடு. 'பிக்ஹார்ன்' என்று இங்கே அழைக்கும் அந்த ஆடு செம்மறி இனம். நம் நீலகிரி வரையாட்டைப் போலவே செங்குத்துப் பாறையை நம்பிப் பிழைப்பது. வேட்டையாலும், வளர்ப்பு ஆடுகள் கொண்டுவந்த நோயாலும் அது அருகிப்போன காலத்தில், 1936-இல் மேஜர் ஃபிரெடெரிக் ரஸ்ஸல் பர்ன்ஹாம் என்பவர் அரிசோனாவின் சாரணச் சிறுவர்களைத் திரட்டினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சுவரொட்டி வரைந்தும் ஊர் ஊராகப் பேசியும் மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். 1939 ஜனவரி 25 அன்று கோஃபா சரணாலயமானது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் படுத்துறங்கப் போகும் இடத்தை மீட்டுக் கொடுத்ததில் அவளைவிடச் சற்றே பெரிய பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி, அங்கே எப்படி இருக்க வேண்டும் என்பது. விதிகளைத் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றை மனப்பாடம் செய்வதைவிட அவை எங்கிருந்து பிறந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு அது முதல் பயணத்திலேயே தெரிந்தது.

அன்று நாங்கள் போய்ச் சேரும்போது அந்தி. வண்டித்தடம் ஓரிடத்தில் மலையடிவாரத்தை நெருங்கியது. அங்கே தரையோடு தரையாக ஒரு சிமென்ட் தொட்டி, அதில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். பக்கத்தில் சமமான இடம். பாலைவனத்தில் தண்ணீரைக் கண்டால் தமிழ் மனம் என்ன நினைக்கும்? குளக்கரையில் இடம் கிடைத்த மகிழ்ச்சியோடு சாமான்களை இறக்கத் தொடங்கிவிட்டோம். அப்போது பழைய பிக்கப் வண்டியில் வந்த முதியவர் ஒருவர் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கடிந்துகொள்ளாமல் மலையைக் காட்டினார். "அந்த முகட்டில் ஆடுகள் நிற்கின்றன. நீங்கள் இங்கே இருக்கும்வரை அவை இறங்கி வராது. விடியும்வரை தாகத்தோடு அங்கேயே நிற்கும்." பிறகு பைனாகுலரை நீட்டினார். பாறையின் நிறத்திலேயே ஐந்து உருவங்கள். அசையவில்லை. ஐந்தும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மீண்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள், கூடாரம் அடிக்கக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். சரணாலயத்தின் விதி மட்டுமல்ல அது. காட்டு விலங்கோ கால்நடையோ தண்ணீரை அண்ட முடியாதபடி நீர்நிலையருகே முகாமிடுவது அரிசோனா மாநிலச் சட்டப்படியே குற்றம். ஆகவே சரணாலயத்துக்கு வெளியே உள்ள அரசு நிலத்திலும் அது பொருந்தும். இந்த மலைகளில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் தேங்கும் பாறைக்குழிகளும், விலங்குகளுக்காகக் கட்டிவைத்த தொட்டிகளும்தான் உண்டு. ஒரு குழியை நாம் மறித்தால் அடுத்த குழி ஒரு நாள் நடைத் தொலைவில் இருக்கலாம். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 800-க்கு மேல் இருந்த கோஃபாவின் மலையாடுகள் 2006-இல் 400-க்கும் கீழே போயின. வறட்சி அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. தண்ணீரின் மதிப்பு அங்கே அப்படிப்பட்டது.

மற்ற விதிகளும் இதே பாதையில் வருபவைதான். வண்டி, அனுமதித்த சாலையிலிருந்து 100 அடிக்கு அப்பால் போகக் கூடாது. எந்த 12 மாதக் காலத்திலும் மொத்தம் 14 நாள்தான் தங்கலாம். நாயைக் கொண்டுபோனால் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். டிரோன் பறக்கவிடவே கூடாது. மேலே ஏதோ இரைந்தபடி பறந்தால் ஆட்டுக்கு அது கழுகு, குட்டியைத் தூக்க வந்த கழுகு. பாறை விளிம்பில் மிரண்டு ஓடும் குட்டி எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வழிக்கு வருகிறேன். ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் போனால் குவார்ட்ஸைட். அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். பெட்ரோல், தண்ணீர், பனிக்கட்டி எல்லாம் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தெற்கே யூமா வரை சுமார் 80 மைலுக்குப் பெரிய ஊர் எதுவும் கிடையாது. குவார்ட்ஸைட் குளிர்காலத்தில் ஓய்வுபெற்றவர்களின் வீட்டு வண்டிகளால், அதாவது உள்ளேயே தங்கும்படி அமைத்த ஆர்.வி. வண்டிகளால், நிரம்பி வழியும். ஊரைச் சுற்றிலும் இருப்பது நில மேலாண்மைத் துறையின் பாலைவனம். இங்கே எல்லோரும் பி.எல்.எம். என்பார்கள். அதிலும் சில பகுதிகளில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம், சில பகுதிகளுக்குக் கட்டணச் சீட்டு உண்டு. கோஃபாவுக்குப் போக நேரமாகிவிட்டால் முதல் இரவை அங்கே கழிக்கலாம், ஆனால் ஜெனரேட்டர் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊரின் கல்லறைத் தோட்டத்தில் கல்லால் கட்டிய சிறு பிரமிடு ஒன்று இருக்கிறது, உச்சியில் செம்பு ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்தில் ஒட்டகங்களைப் பழக்கிப் பார்த்தபோது அவற்றோடு கடல் கடந்து வந்த ஹாஜி அலியின் சமாதி அது. இங்குள்ளவர்கள் வாயில் அவர் பெயர் ஹை ஜாலி ஆகிவிட்டது. 1902-இல் இறந்தார். கால் மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

குவார்ட்ஸைட்டிலிருந்து யு.எஸ். 95-இல் தெற்கே 18 மைல் போனதும் இடப்புறம் பாம் கேன்யன் சாலை பிரியும். குழந்தையோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சாலையைத்தான். மண்சாலை, ஆனால் மெதுவாக ஓட்டினால் சாதாரணக் காரே பெரும்பகுதி போய்விடும். மழைக்குப் பிறகு மட்டும் கவனம் தேவை. ஏழெட்டு மைல் கிழக்கே போனால் மலையடிவாரம். வழி நெடுக இருபுறமும் முன்பு யாரோ தங்கிய வெற்றிடங்கள் தென்படும். கல்வட்டத்தில் கரி படிந்திருக்கும், தரை இறுகி மொட்டையாக இருக்கும். அப்படி ஏற்கெனவே தேய்ந்த இடத்திலேயே தங்குங்கள். புதிதாக ஓர் இடத்தைத் தேய்க்க வேண்டாம்.

இந்த ஒரு விஷயத்தில் நான் சற்றுப் பிடிவாதக்காரன், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குனிந்து தரையைப் பாருங்கள். கறுத்து மினுங்கும் கற்கள், தட்டையாக, ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல், யாரோ கைதேர்ந்த கொத்தனார் பதித்ததுபோல் இருக்கும். காற்றும் மழையும் மண்ணும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து அமைத்த தளம் அது. கல்லின் மேலுள்ள கறுப்பு, மிக மெல்ல ஏறிய கனிமப் பூச்சு. ஒரு கல்லை மெதுவாகப் புரட்டினால் அடிப்பக்கம் வெளிறி, மண்ணில் அது இருந்த அச்சு அப்படியே தெரியும். இதன்மேல் ஒருமுறை வண்டி ஏறினால் அந்தத் தடம் மறையாது. 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க ஜெனரல் பாட்டன் தன் டாங்கிப் படைகளை இந்த அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனத்தில்தான் பயிற்றுவித்தார். அந்த டாங்கிகளின் தடங்களை இன்றும் பல இடங்களில் காணலாம். ஐந்து நிமிட வசதிக்காகச் சாலையை விட்டு இறங்கும் காரும் அப்படித்தான் எழுதிவிட்டுப் போகும். கூடார முளைகள் இந்தத் தரையில் இறங்காது. கயிற்றைக் கனமான கல்லில் சுற்றிக் கட்டுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த முகமாகவே வையுங்கள்.

இன்னொன்று, மணலாக, மெத்தென்று, மர நிழலோடு அழைக்கும் இடம் ஒன்று கண்ணில் படும். அது காட்டாற்றுப் படுகை. இங்கே 'வாஷ்' என்பார்கள். அங்கே ஒருபோதும் படுக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னும்போதே, இருபது மைல் தள்ளிப் பெய்த மழை இருட்டில் வந்து சேரும். கோடையின் பருவமழையில்தான் இது அதிகம் என்றாலும் குளிர்கால மழையிலும் உண்டு.

சாலையின் எந்தப் புள்ளியில் தங்குவது என்பதும் கேள்விதான். நெடுஞ்சாலையை ஒட்டி முதல் மைலுக்குள் நின்றால் இரவெல்லாம் லாரிச் சத்தம் கேட்கும், பெரிய வீட்டு வண்டிகளும் அங்கேதான் சேரும். மூன்று நான்கு மைல் உள்ளே போய்விடுங்கள். அங்கேயும் ஓசை அறவே இல்லாமல் போய்விடாது. அருகில் யூமா ராணுவச் சோதனைத் தளம் இருப்பதால் சில இரவுகளில் தொலைவில் குண்டு முழங்கும், அடிவானத்தில் வெளிச்சம் எழும். அஞ்ச வேண்டாம், ஆனால் மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ராணுவம் பற்றிய பேச்சு வந்ததால் எல்லைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யு.எஸ். 95-இன் இருபுறமும் ஒரே பாலைவனம்போல் தெரிந்தாலும் அதில் பல உரிமையாளர்கள். சரணாலயம் ஒருபுறம், பி.எல்.எம். நிலம் ஒருபுறம், ராணுவ நிலம் சாலையை ஒட்டியே நீண்ட தூரத்துக்கு. அரிசோனாவின் வேறு பகுதிகளில் மாநில அறக்கட்டளை நிலமும் இடையிடையே வரும். அங்கே தங்கத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ராணுவ நிலத்தில் காலே வைக்கக் கூடாது. சரணாலயத்தின் பெரும்பகுதியும் 1990 முதல் சட்டப்படி வனாந்தரம், அதற்குள் எந்த வண்டியும் போகக் கூடாது, நடந்துதான் போக வேண்டும். சரணாலயத்தின் வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் வந்து வந்து போகும். எங்கே தங்கப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய பயிற்சிகளில் வெடிக்காமல் போன குண்டுகளும் சரணாலயத்தின் சில பகுதிகளில் புதைந்து கிடக்கின்றன. துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடக் கூடாது என்று குழந்தைக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கைவிட்ட சுரங்கக் குழிகளும் அப்படியே. எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், விளிம்பு சரியும்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். நான்கு பேர், இரண்டு இரவு, மூன்று பகல் என்றால் 12 கேலன். கை கழுவ, பாத்திரம் துடைக்க, வண்டி பழுதாகி ஒரு நாள் கூடிப்போனால் சமாளிக்க என்று பார்த்தால் 18 கேலன் கொண்டுபோங்கள். ஒரே பெரிய கேனில் வேண்டாம், பல கேன்களாகப் பிரித்து வையுங்கள். ஒரே கேனாக இருந்து அது கசிந்தால் எல்லாம் போய்விடும்.

நம் சமையலுக்குத் தண்ணீர் அதிகம் பிடிக்கும். அரிசி களைவது, பருப்பு வேகவைப்பது, எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அங்கே ஆகாது. நாங்கள் வீட்டிலேயே புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கிளறி எடுத்துக்கொள்வோம். முதல் நாளுக்குப் புளியோதரை. இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். காலையில் ஒரு சிறு அடுப்பில் டீ மட்டும் போட்டு ரொட்டியோடு முடித்துக்கொள்வோம். சாப்பிட்ட தட்டைக் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தைக் குப்பைப் பையில் போட்டுவிடுவோம். வாழைப்பழத் தோல் மட்கிவிடும் என்று வீசிவிடாதீர்கள். மழை இல்லாத மண்ணில் அது மட்குவதில்லை, காய்ந்து கறுத்து மாதக்கணக்கில் கிடக்கும். இரவில் ஒரு பருக்கையைக்கூட வெளியே விடாதீர்கள். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

மண்ணில் எதுவும் மட்காது என்பதிலிருந்தே கழிப்பறைப் பிரச்சினையும் வருகிறது. இதைக் கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள், ஆனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. குழிதோண்டிப் போவதானால் ஆறு அங்குலம் ஆழம், நடமாட்டமும் நீர்வழியும் இல்லாத தொலைவில். துடைத்த காகிதத்தைப் புதைக்காமல் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், புதைத்தால் நரி போன்ற கயோட்டி தோண்டி இறைத்துவிடும். நான் சொல்லும் வழி இதைவிட எளிது. முகாம் சாமான் கடைகளில், கழிவைக் கெட்டியாக்கும் பொடி போட்ட இரட்டைப் பைகள் கிடைக்கும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியும், உயரமான குடையளவு சிறு கூடாரமும் சேர்த்தால் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் மறைவான இடம் ஆகிவிடும். என் மாமியார் எழுபத்திரண்டு வயதில் எங்களோடு வந்து மூன்று இரவு தங்கினார். இந்த ஏற்பாடு இல்லையென்றால் முதல் நாளே திரும்பியிருப்போம்.

நெருப்பு மூட்ட வேண்டுமானால் விறகைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே காய்ந்து கிடக்கும் அயர்ன்வுட் மரத்துண்டு பார்க்க வெறும் கட்டையாக இருக்கும். அந்த மரம் மிக மெதுவாக வளர்வது. பட்டுப்போன பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் நின்று பல்லிக்கும் பறவைக்கும் புகலிடமாக இருப்பது. நெருப்புத் தடை இருக்கிறதா என்பதை யூமாவிலுள்ள சரணாலய அலுவலகத்தில் புறப்படும் முன் கேட்டுவிடுங்கள்.

குழந்தையைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது பாம்பைப் பற்றியல்ல. டிசம்பர் குளிரில் அவை பெரும்பாலும் பொந்துக்குள் இருக்கும். 'சோயா' (cholla) என்ற கள்ளியைப் பற்றித்தான். வெயிலில் பொன்நிறமாக, பஞ்சு பொதிந்த பொம்மைபோல் நிற்கும். தொடத் தோன்றும். இலேசாக உரசினாலே ஒரு கணு ஒடிந்து ஒட்டிக்கொள்ளும், முள்ளின் நுனியில் பின்நோக்கிய கொக்கிகள். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். அகலப் பல் சீப்பு ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். சீப்பை முள்கணுவுக்கும் தோலுக்கும் நடுவே செருகி, உடம்பைவிட்டு வெளிப்பக்கமாக ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டும். தள்ளும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. மிச்ச முட்களை இடுக்கியால் எடுக்கலாம். என் மகனுக்கு அவன் எட்டு வயதில் முழங்காலில் ஒட்டியபோது சீப்பு எடுக்கும் அந்த அரை நிமிடம் அவன் அலறியது இன்றும் காதில் இருக்கிறது. எடுத்தபின் இரண்டே நிமிடத்தில் ஓடி விளையாடப் போய்விட்டான். மூடிய காலணியும் நீளமான கால்சட்டையும் போதும், பயந்து வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை.

டிசம்பரில் பகல் இதமாக இருக்கும். ஐந்தரை மணி வாக்கில் சூரியன் மறைந்ததும் குளிர் சட்டென்று இறங்கும், விடியற்காலையில் 5 டிகிரி செல்சியஸ்வரைகூடப் போகும். கம்பளித் தொப்பி கட்டாயம். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்தப் பக்கமே கூடாரத்தோடு வராதீர்கள். 43 டிகிரியைத் தாண்டும் வெயிலில் வண்டி நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. குளிர்காலத்தில் வேட்டைக்கும் அனுமதி உண்டு. சரணாலயத்தில் துப்பாக்கியோடு ஆட்களைக் கண்டு திகைக்க வேண்டாம். அந்த நாட்களில் நடக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மாநில அரசுகள் நடத்தும் காட்டுயிர் நிலங்கள் இன்னொரு வகை, கோஃபா போன்ற நடுவண் அரசின் சரணாலயத்தோடு அவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். துப்பாக்கி, தோட்டா விற்பனைமீதான வரி 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலங்களுக்குப் போகிறது. அந்த நிலங்கள் பலவற்றை வாங்கவும் பேணவும் அதுவும் வேட்டை உரிமக் கட்டணமும்தான் ஆதாரம். ஆகவே அங்கே வேட்டைக்காரர்களுக்கு முன்னுரிமை. கொலராடோவில் மாநிலக் காட்டுயிர் நிலத்துக்குள் நுழையவே வேட்டை அல்லது மீன்பிடி உரிமமோ தனிச் சீட்டோ வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் வண்டி நிறுத்தச் சீட்டு வேண்டும். ஓரிடத்தின் விதி அடுத்த இடத்துக்குப் பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். மண்சாலையில் ஓட்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும். உதிரிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள், வெளிச்சத்தில் இடம் தேர்ந்தெடுக்கலாம். கோஃபா மலை கிழக்கே சுவர்போல் நிற்கும். மறையும் சூரியன் அதன்மேல் முழுதாக விழும். அரை மணி நேரம் செங்காவி, பிறகு ஊதா. இருட்டியதும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். கார்த்திகை உச்சியை நோக்கி ஏறியிருக்கும், சற்று நேரத்தில் முகட்டின் விளிம்பைத் தாண்டிச் செம்மஞ்சளாகத் திருவாதிரை எழும். ஃபீனிக்ஸ் வானத்தில் அவற்றைத் தேட வேண்டும், இங்கே தேட வேண்டியதில்லை.

மறுநாள் சாலை முடியும் இடம்வரை போய் அங்கிருந்து அரை மைல் நடந்தால் பாம் கேன்யன். பாதை கரடுமுரடு, ஆனால் ஏழு வயதுக் குழந்தை ஏறிவிடும். ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள், உயரத்தில், விசிறி ஓலைப் பனைகள் கூட்டமாக நிற்கும். அரிசோனாவில் யாரும் நடாமல் தானாகவே வளர்ந்த பனைகள் இருக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. நம் பனையின் உறவுக்காரி, ஓலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். நடுப்பகல் வாக்கில் சிறிது நேரம்தான் அந்தப் பிளவுக்குள் வெயில் இறங்கும், அதைக் கணக்கிட்டுப் போங்கள். மகளுக்குக் கல் பொறுக்க ஆசை என்றால், சரணாலயத்தின் வேறெங்கும் கூடாது. வடமேற்கிலுள்ள கிரிஸ்டல் ஹில் பகுதியில் மட்டும் தரைமேல் கிடக்கும் படிகக் கற்களைக் கையால் எடுக்கலாம், அதுவும் ஓர் ஆண்டுக்குப் பத்துக் கல் அல்லது பத்துப் பவுண்டு என்ற வரம்புக்குள்.

ஒரு நல்ல பைனாகுலரை இரவல் வாங்கியாவது எடுத்துப்போங்கள். மலையாடு பாறை நிறத்திலேயே இருப்பதால் உடம்பைத் தேடினால் அகப்படாது. அதன் பின்புறத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று உண்டு, அதைத்தான் தேட வேண்டும். விடிந்து முதல் ஒரு மணி நேரத்தில், டீ கொதிக்கும்போது, மகளை நாற்காலியில் உட்காரவைத்து முகட்டை இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு கல் ஒன்று உருளும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் திருப்புங்கள்.